பதினைந்துக்கு ஆறு

கையை மேலே தூக்குங்கள் என்றாள். தூக்கினேன்.
காலி அட்டைப்பெட்டியை நகர்த்த முடியுமா என்றாள்.
முடியும் என்றேன்.
உண்மையைச் சொல்லி வளர்ந்தவள் நான்,
அதுதான் வினையாயிற்று.

பிறகு பையைப் பற்றிக் கேட்டாள்.
வயிற்றில் ஒட்டியிருக்கும் பை.
ஒரு நாளைக்கு எத்தனை முறை காலி செய்வீர்கள்,
கசியுமா, கசிந்தால் அடுத்தவருக்குத் தெரியுமா.
திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.
இருபத்தாறு வருடம் நீத் நகரில் பஸ் ஓட்டியவள்,
கணவனிடம்கூடச் சொல்லாத கணக்கை
அவள் விசைப்பலகைக்குச் சொன்னேன்.
ஐந்து முறை. கசியும். ஆம், வாடை வரும்.

மூன்று வாரத்தில் கடிதம்.
பதினைந்து புள்ளி வேண்டும், உங்களுக்கு ஆறு.
நீங்கள் வேலைக்குத் தகுதியானவர், திருமதி ப்ரோதெரோ.
அதே தபாலில் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்று:
கல்லீரலில் ஒரு நிழல், தயவுசெய்து வரவும்.
இரண்டு உறையும் ஒரே வெள்ளை.
ரொட்டி டப்பா மேல் வைத்துவிட்டு
கெட்டில் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கத்தை அவர்கள் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்,
திருப்பித் தர மறந்துவிட்டார்கள்.
சரி,
அது இல்லாமல் என்னென்ன செய்யலாம்?

செவ்வாய்க்கிழமை தோறும் சந்தையில்
சிப்பிக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே
ஒரு மடக்கு மேசை.
ஒரு பக்கம் மனு, மறு பக்கம் துண்டறிக்கை.
பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன்,
நல்லவர்களும் பேனாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.
டெலித் மனுப் பக்கம், நான் மலப் பக்கம்.
அப்படித்தான் சொல்வாள், சிரிக்காமல்.

மலம் என்கிறேன். ரத்தம் என்கிறேன்.
மூன்று வாரமாக வழக்கம் மாறியிருந்தால்
டாக்டரிடம் போங்கள் என்கிறேன்,
கடைசி இருக்கைவரை கேட்கிற என் பஸ் குரலில்.
சாப்பிடுகிற நேரத்தில் இதெல்லாமா என்றார் ஹெவின்,
பழைய இரும்பாலைக்காரர், கையில் சிப்பிப் பொட்டலம்.
சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது ஹெவின், என்றேன்.
சிப்பிக் கடைக்காரி என்னை முறைத்தாள்.

மனுவுக்குக் கையெழுத்து சுலபம்.
மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரி, கூட வேலை பார்த்தவன்,
எல்லார் வீட்டிலும் ஓர் அட்டைப்பெட்டிக் கதை இருக்கிறது.
ஒருத்தி மட்டும்,
உங்களைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லையே, என்றாள்.
உதட்டுச் சாயம்.
அதற்கும் புள்ளி குறைத்திருப்பார்கள்.

எம்.பி. சனிக்கிழமைகளில் நூலகத்தில் உட்காருகிறார்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்று கையெழுத்து,
ஓர் அட்டைப்பெட்டியில்.
மேசைவரை என்னால் தூக்க முடியவில்லை,
டெலித் ஒரு பக்கம் பிடித்தாள்.
காலியில்லாத பெட்டியைப் பற்றி
என்னை யாரும் கேட்கவே இல்லையே.
சபையில் இதை எழுப்புகிறேன் என்றார்.
எழுப்புங்கள், நன்றாகத் தூங்குகிறார்கள், என்றாள் டெலித்.

மேல்முறையீட்டுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நவம்பர்.
டாக்டர் நவம்பரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

போன செவ்வாய் மழை.
துண்டறிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பை மாற்றப் போய்த் திரும்பினால்
மேசையருகே ஹெவின்,
போன மாதமே கையெழுத்துப் போட்ட மனுவை
புதிதாகப் படிப்பதுபோல் நின்றார்.
எத்தனை வாரம் என்று சொன்னாய், என்றார்,
சிப்பிகளிடம் கேட்பதுபோல்.
மூன்று.
எனக்கு ஏழு, என்றார்.

டாக்டர் வீட்டு எண்ணைச் சொன்னேன்.
பொட்டலக் காகிதத்தில் எழுதப் பார்த்தார்,
நூல் எட்டவில்லை.
அறுத்துக் கொடுத்தேன்.